வராத ஆயரை வந்ததாக எழுதினேன்

போன ஞாயிறு தருமபுரியில் என் பேத்திக்கு உறுதிபூசுதல். ஆயர், அதான் பிஷப், அவள் நெற்றியில் எண்ணெய் பூசியதும் அந்தப் பரிமள வாசனை என் பெஞ்சு வரை வந்தது. எழுந்து வெளியே போய் நின்றேன். சர்க்கரை குறைந்துவிட்டதென்று மருமகள் ஓடிவந்து மிட்டாயைத் திணித்தாள். நல்ல பெண். அவளிடம் எதைச் சொல்வது?

சாமியாராகக் குருமடத்தில் படிக்கப் போய்ப் பாதியில் நின்றவன் நான். மிச்சமிருந்த லத்தீனையும் டைப்பிங்கையும் வைத்து ஓர் ஆயர் இல்லத்தில் எழுத்தரானேன். எந்த ஊரென்று கேட்காதீர்கள். எண்ணெய்க் குப்பிகள் ஆயர் அறை அலமாரியில்தான் இருந்தன. அந்த வாசனையில்தான் அவர் சொல்லச் சொல்ல எழுதுவேன்.

திருச்சபைச் சட்டம் ஆயரைச் சும்மா விடுவதில்லை. தன் மறைமாவட்டத்திலேயே குடியிருக்க வேண்டும். மக்களுக்காகத் திருப்பலிப் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும். பங்கு என்று சொல்லும் ஒவ்வொரு ஊர்க் கோயிலையும் அதன் மக்களையும் ஐந்தாண்டுக்குள் நேரில் பார்த்துவிட வேண்டும். முடியாவிட்டால் இன்னொருவரையாவது அனுப்ப வேண்டும். பிறகு ரோமுக்கு அறிக்கை. எங்கள் ஆயருக்குக் கல்யாண வீடுகளுக்குப் போகவே நேரம் சரியாக இருந்தது.

மலையடிவாரப் பங்கொன்றில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர். ஒரு பக்கம் தலித் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் என் சாதிக்காரர்கள். ஆயர் நேரில் வந்து பார்த்தால் சுவர் நிற்காதென்று தலித் மக்கள் மனுமேல் மனு போட்டார்கள். அத்தனையையும் வாங்கி அலமாரிக்கு அடியில் போட்டவன் நான்.

ஆயரோடு ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் மனு போட்ட அந்த ஊர்க்காரர்கள் எங்கள் காரை மறித்தார்கள். கோயில் மணியடிப்பவரின் மனைவி ஜெபமாலை முன்னால் வந்தாள்.

"ஆண்டவரே, எறங்கி ஒரு எட்டு வந்து பாருங்க. வூட்டுக்காரரு படுத்துட்டாருங்க. செவுத்துக்கு அந்தாண்ட போட்ற வேணான்னு அழுவறாரு."

ஆயர் கண்ணாடியை இறக்கி ஆசீர் கொடுத்தார். "அடுத்த மாசம் வர்றேம்மா."

"ரோட்டுல போறதும் வர்றதும் ஒண்ணுங்களா? அப்படின்னா பெங்களூரு பஸ்ஸு தெனமும் எங்களப் பாக்க வருதுங்க!"

கூட்டம் சிரித்தது. ஆயரும் சிரித்தார். எனக்குத்தான் ஆத்திரம். "யாருகிட்டப் பேசற? நவுரு," என்றேன். என்னைவிட மூத்தவளை.

அறிக்கை தயாரித்தபோது அந்தப் பங்கின் பெயரில் விரல் நின்றது. "இங்க போகலையே, ஆண்டவரே."

"ஏன், கார்ல நீயும்தானே இருந்த?"

'சந்தித்தார்' என்று அடித்தேன். சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருளென்று அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அவர் சோம்பேறி, நான் சோம்பலால் அடிக்கவில்லை. போகவில்லை என்று எழுதினால் ஏன் என்று கேள்வி வரும், யாராவது போவார்கள், சுவர் போய்விடும். அது நிற்க வேண்டுமென்று நான் விரும்பினேன். அவ்வளவுதான். அடுத்த மாதம் மணியடிப்பவரைச் சுவருக்கு அந்தப் பக்கமே புதைத்தார்கள்.

ஆயரும் செத்துப்போனார். அவருக்குப் பேராலயத்துக்குள்ளேயே பளிங்குக் கல்லறை.

போன வருடம், ஜெபமாலையிடம் மன்னிப்புக் கேட்கலாமென்று அந்த ஊருக்குப் பஸ் ஏறினேன். அவள் தெருவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் விசாரித்தேன்.

"எங்க ஆயாதாங்க. செத்துப்போயி ரொம்ப வருசமாச்சு. தாத்தன அடக்கம் பண்ண அன்னியோட கோயிலுக்குப் போறத வுட்டுட்டாங்க. அப்புறம் இந்தத் தெருவுல ஒருத்தரும் போறதில்லீங்க."

கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தேன். ரோட்டை அகலப்படுத்த வந்தவர்கள் சுவரை ஒரே காலையில் இடித்துவிட்டார்களாம். யாரும் தடுக்கவில்லையாம்.