லிங்க் இல்லாத கூட்டம்

எனக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டேன். கத்துகிறவர்களின் கோபம் கத்தி முடித்ததும் தீர்ந்துபோகும். நான் கறுவிக்கொண்டு இருப்பேன். எங்கள் வீட்டில் இதைப் பாம்புப் புத்தி என்பார்கள். நானும் இல்லை என்று சொன்னதில்லை. ஒரு மனிதரைப் பழிவாங்க நான் கம்ப்யூட்டரில் செய்ததெல்லாம் ஒன்றிரண்டு டிக்கை எடுத்ததுதான்.

பொன்னேரியில் ஒரு மாடி அறையில் எனக்கு வேலை. மீனவக் குப்பங்களுக்குக் கட்டடம் கட்டிக்கொடுக்கிற ஒரு அமைப்பின் கிளை அலுவலகம் அது. நான் கோட்டைக்குப்பத்துக்காரி, ஊர் பாஷை தெரிந்தவள் என்பதால் சேர்த்துக்கொண்டார்கள். மேனேஜர் சென்னையில் இருந்தார். ஊர்க்கூட்டத்துக்கு நாள் பார்த்து, அதைக் காலண்டரில் ஏற்றி, அவருக்கு அழைப்பு அனுப்புவது என் பொறுப்பு.

அந்தக் காலண்டருக்கு ஒரு கெட்ட பழக்கம். நாளும் நேரமும் போட்டு ஒருவரை அழைத்தால், கேட்காமலேயே ஒரு வீடியோ மீட்டிங் லிங்க்கை ஒட்டிவிடும். இடம் என்கிற கட்டத்தில் நான் 'கோட்டைக்குப்பம், கரை' என்று எழுதியிருப்பேன். அதற்கு மேலே, சேரச் சொல்லி ஒரு நீலப் பட்டன் பெரிதாக வந்து உட்கார்ந்திருக்கும். கூப்பிடாமல் வந்தவன் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்த மாதிரி. மேனேஜரின் கண்ணுக்கு அந்த நீலம் மட்டும்தான் தெரியும்.

"லிங்க்தான் இருக்கேம்மா, அதுலயே வந்துடறேன்" என்பார். ஆரம்பத்தில் ஒருமுறை, நேரில் வந்தால் நன்றாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்போ ஏம்மா லிங்க் அனுப்பினீங்க?" என்று கேட்டார். நான் அனுப்பவில்லை, அதுவாக வருகிறது என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

எங்கள் குப்பத்துக்கு ஒரு மீன் ஏலக்கூடம் வருவதாக இருந்தது. சிமெண்ட் தரை, தகரக் கூரை, பக்கத்தில் ஐஸ் வைக்க ஒரு அறை. கூடம் வேண்டாம் என்று ஊரில் யாரும் சொல்லவில்லை. அதை எங்கே கட்டுவது என்பதில்தான் வம்பு. மேனேஜர் வரைபடத்தைப் பார்த்து, கரையில் மேடாகவும் காலியாகவும் இருந்த ஒரு மணல் திட்டைத் தேர்ந்தெடுத்தார். வரைபடத்தில் அது காலிதான். வெயில் ஏறியதும் வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். என் அம்மாவும் இன்னும் பல பெண்களும் கருவாடு காயப்போடுகிற இடம் அது. தண்ணீர் ஏறாத, நாள் முழுக்க வெயில் விழுகிற மணல் எங்கள் கரையில் அந்த ஒரு திட்டுதான். அதை எடுத்துக்கொண்டால் அம்மாவுக்குப் பிழைப்பு இல்லை.

எங்கள் ஊர்க்கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் மணலில்தான் உட்கார வேண்டும், தலைவர் உட்பட. சொல்லப்பட்ட விஷயத்துக்கு ஒப்புதல் என்றால் உட்கார்ந்தபடியே இருப்பார்கள். ஒப்புதல் இல்லை என்றால் எதிர்த்துப் பேச மாட்டார்கள். எழுந்து, பின்பக்கம் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பேசினால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் கை நீளும், மறுநாள் அதே ஆளோடு ஒரே படகில் போயாக வேண்டும். அதனால் யாரோ எந்தக் காலத்திலோ செய்துவைத்த ஏற்பாடு இது. பெண்கள் கூட்டத்தில் வாய் திறப்பது அபூர்வம். ஆனால் அவர்கள் மணலைத் தட்டிவிட்டால் தலைவர் மறுபேச்சுப் பேச மாட்டார்.

இடத்தை முடிவு செய்கிற கூட்டத்துக்கு மேனேஜர் லிங்க்கில் வந்தார். கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டியின் மேல் என் போனைச் சாய்த்து வைத்தேன். அவர் கேமராவைப் போடவில்லை. கறுப்புத் திரையில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் அவர் பெயரின் முதல் எழுத்து, அவ்வளவுதான். அந்த எழுத்துக்கு முன்னால் ஊர் மரியாதையாக உட்கார்ந்திருந்தது. அவர் திட்டத்தைச் சொல்லி முடித்தார். பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து மணலைத் தட்டிவிட்டுப் போனார்கள். ஆண்களும் பின்னாலேயே போனார்கள்.

"சார், எல்லாரும் எழுந்துட்டாங்க சார்" என்றேன்.

"ஓகே, ஓகே. டைமுக்கு முடிச்சுட்டோம். எல்லாருக்கும் தேங்க்ஸ் சொல்லிடுங்க" என்றார். வட்டம் அணைந்துபோனது. அவருக்கும் புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது என ஊர் நிம்மதியாக இருந்தது. சரி என்றுவிட்டார்கள் என அவர் நிம்மதியாக இருந்தார். பிறகு ஒரு நாள் ஆட்கள் வந்து, அம்மா கருவாடு காயப்போடுகிற மணலில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். நான் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியபோதே பக்கத்து வீட்டு அத்தை வழியில் நின்றுகொண்டிருந்தாள்.

"நீதானடி போனப் புட்ச்சிக்கினு குந்தியிருந்த? நாங்க தட்டினு போனத அவன் கைல இன்னான்னு சொன்ன? எவ்ளோ வாங்கின?"

நான் சொன்னதை அவள் கேட்கவில்லை. ஊரும் கேட்கவில்லை. மறுநாள் சந்தைக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் அம்மாவின் கூடைக்கு இடமில்லை என்றார்கள். இடம் இருந்தது, நான் பார்த்தேன். அம்மா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மெயின் ரோடு வரை நடந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, திட்டவுமில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மேனேஜரைப் போனில் பிடித்தேன். ஊர் ஒப்புக்கொள்ளவே இல்லை, எழுந்து போனதற்கு அதுதான் அர்த்தம் என்று விளக்கினேன்.

"நானும் மீட்டிங்ல இருந்தேனேம்மா. ஒருத்தர்கூட வாயத் திறக்கலையே. நீங்களா ஒண்ணு கற்பனை பண்ணிக்காதீங்க" என்றார்.

நானும் இருந்தேனே. இந்த வார்த்தையைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மணலில் குந்தாத மனுஷன், ஒரு முகத்தையும் பார்க்காத மனுஷன், இருந்தாராம். என் அம்மாவின் கூடையை ஆட்டோவில் ஏற்ற விடாமல் செய்தவர் ஒரு வட்டத்துக்குள் சொகுசாக இருந்தாராம். சரி சார், இருங்க, உங்களை வரவைக்கிறேன் என்று அன்றைக்கே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

வேலை தொடங்குமுன் ஊரோடு ஒரு கடைசிக் கூட்டம் நடத்தியாக வேண்டும், அதில் மேனேஜர் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது எங்கள் அமைப்பின் விதி. அந்தக் கூட்டத்துக்கான அழைப்பு ஏற்கெனவே போயிருந்தது, வழக்கம்போல நீலப் பட்டனோடு. நான் காலண்டரைத் திறந்து, மேலே இருக்கும் பல்சக்கரத்தை அழுத்தி, செட்டிங்குக்குள் போனேன். எத்தனை விஷயத்தை அங்கே ஒளித்துவைத்திருக்கிறார்கள்! வாரம் எந்தக் கிழமையில் தொடங்க வேண்டும், எந்த நாட்டு நேரம், பின்னணி வெள்ளையா கறுப்பா. எல்லாவற்றையும் தாண்டிக் கீழே வந்தால் ஒரு வரி: நான் உருவாக்கும் நிகழ்வுகளில் வீடியோ மீட்டிங்கைத் தானாகச் சேர். பக்கத்தில் ஒரு டிக். யாரைக் கேட்டு அதை அங்கே வைத்தார்கள் என்று தெரியவில்லை. ஒரே தட்டில் எடுத்தேன்.

ஏற்கெனவே அனுப்பிய அழைப்பைத் திறந்து பார்த்தால் நீலப் பட்டன் அப்படியே இருந்தது. டிக்கை எடுப்பது இனி வரும் கூட்டங்களுக்குத்தான், பழையதில் நாமே போய்த்தான் நீக்க வேண்டும் என்று புரிந்தது. லிங்க்குக்குப் பக்கத்தில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தினேன். போய்விட்டது. அப்போதும் என் பாம்புப் புத்தி அடங்கவில்லை. அவரே உள்ளே வந்து லிங்க்கைத் திரும்பச் சேர்த்துவிட்டால்? விருந்தினர், அதாவது அழைக்கப்பட்டவர், நிகழ்வை மாற்றலாம் என்றும் ஒரு டிக் இருந்தது. அதையும் எடுத்தேன். வாசலைச் சாத்தியவள் சன்னலைத் திறந்து வைப்பாளா?

நேரத்தையும் மாற்றினேன். வழக்கமாகக் காலையில் கூடுகிற கூட்டத்தை மதியத்துக்கு மேல் தள்ளினேன். அப்போதுதான் எங்கள் கரையில் கடல்காற்று எழும். ஏன் என்று தலைவர் கேட்டார். "கொஞ்சம் காத்தோட்டமா இருக்கட்டும்னுதான்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மேனேஜர் கூப்பிட்டார்.

"லிங்க் காணோமேம்மா?"

"இந்தக் கூட்டத்துக்கு லிங்க் இல்ல சார். கரையிலதான்."

"இல்லன்னா? ஒண்ணு போட்டு விடுங்க."

"ஊர்ல லிங்க்ல பேச மாட்டோம்னுட்டாங்க சார்." இது முழுப் பொய் இல்லை. அத்தையைக் கேட்டிருந்தால் இதைவிட மோசமாகச் சொல்லியிருப்பாள்.

"அப்போ வேற நாள் பாருங்க."

"எங்க ஊர்ல கூட்டம் அமாவாசைக்குத்தான் சார் போடுவாங்க. இத உட்டா அடுத்த அமாவாசைதான்."

அதற்குள் அவர் வேலையைத் தொடங்கியாக வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நான் அந்த மௌனத்தைக் கற்கண்டு மாதிரி வாயில் போட்டுச் சப்பினேன்.

வந்தார். ரோடு முடிகிற இடத்தில் காரை விட்டுவிட்டு, பாலிஷ் போட்ட ஷூவுக்குள் மணல் புக, ஒவ்வொரு அடிக்கும் காலை உதறிக்கொண்டு வந்தார். முதல்முறையாக முகத்தைப் பார்த்தேன். நான் நினைத்ததைவிடச் சின்ன வயசு, கண்ணாடி போட்ட சாதாரண முகம். பாவமாகத் தோன்றிவிடுமோ என்று பயந்தேன். தோன்றவில்லை.

"நாற்காலி எதாவது..." என்றார்.

"கூட்டத்துல நாக்காலி கெடையாது சார்" என்றார் தலைவர். மேனேஜர் கைக்குட்டையை விரித்து அதன் மேல் உட்கார்ந்தார். அவருக்கு இடம் காட்டியது நான்தான். காற்றுக்கு எதிரே முகம் இருக்கும்படி உட்காரவைத்தேன். அவருக்கும் கடலுக்கும் நடுவில் பெண்கள் உட்கார்ந்தார்கள். யாருக்கும் நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அவர் பேசினார். அதே பேச்சு, அதே மணல் திட்டு, ஊருக்கு எவ்வளவு நன்மை என்று. காற்று ஏறிக்கொண்டே வந்தது. கையிலிருந்த தாள்கள் படபடத்தன. "யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அது நன்றாகப் படியட்டும் என்று விட்ட மாதிரி ஒரு கணம் கழித்து, அத்தை எழுந்தாள். எழுந்து, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, புடவையைத் தட்டினாள். அடுத்து ஒருத்தி, அதற்கடுத்து ஒருத்தி, பிறகு வரிசையே எழுந்தது. தட்டிய மணலையெல்லாம் காற்று அள்ளிக்கொண்டு போய் மேனேஜரின் முகத்தில் போட்டது. கண், மூக்கு, பேசத் திறந்த வாய், எல்லா இடத்திலும்.

"என்னாச்சு? ஏன் எல்லாரும் போறாங்க?" என்று கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார்.

"வேணான்றாங்க சார்" என்றார் தலைவர்.

"யாரும் ஒண்ணும் சொல்லலையே!"

"இதுக்கு மேல இன்னா சார் சொல்லணும்?"

அவர் எழுந்து தடுமாறினார். கண் சிவந்து நீர் கொட்டியது. "தண்ணி, கொஞ்சம் தண்ணி குடுங்களேன்" என்று கையை நீட்டினார். எதிரில் யார் நிற்கிறார்கள் என்றே அவருக்குத் தெரியவில்லை. நான் நின்றேன். "கார்ல இருக்கும் சார்" என்றேன். கார் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். அவர் கையை முன்னால் நீட்டித் தடவிக்கொண்டே போனதை, ரோடு ஏறுகிற வரை நின்று பார்த்தேன். என் வயிறு குளிர்ந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கூடம் பிறகு ரோட்டோரமாக, படகு பழுது பார்க்கிற பக்கம் நகர்ந்தது. ஊர் ஒப்பவில்லை என்று மேனேஜரே எழுதிக்கொடுத்தாராம். என்னை வேறு மேனேஜருக்குக் கீழே மாற்றினார்கள். அத்தை என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அம்மாவின் கூடையைத் தானே தூக்கி ஆட்டோவில் வைத்தாள், அதோடு சரி.

கூட்டத்துக்கு மறுநாள் காலையில் அம்மா திட்டில் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தாள். நானும் உதவிக்கு நின்றேன். குனிந்தபடியே கேட்டாள்.

"அந்த ஆளு தண்ணி கேட்டானே. நீ ஏன் குட்க்கல?"

திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். தாகம் என்று வந்தால் பகையாளிக்கும் தண்ணீர் கொடுப்பவள் அவள்.

"மனசு வரலம்மா" என்றேன்.

அம்மா ஒரு மீனைப் புரட்டிப்போட்டாள்.

"எங்கிட்டயுந்தான் கேட்டுக்கினே போனான். கொடம் என் இடுப்புலதான் இருந்துச்சு."