நாலாம் நாள் கேட்க வேண்டியது

எனக்குப் பொறுமை கிடையாது. சட்டியில் மீன் வேகும் முன்பே மூடியைத் திறந்து பார்க்கிற ஆள் நான். அப்படிப்பட்ட என்னிடம்தான் ஒரு பாலைவனக் குலத்தை உண்டாக்கித் தரும் வேலை வந்தது.

2013 வாக்கில் நடந்தது. கோட்டாற்றில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இரண்டு அறைகள்தான் எங்கள் ஸ்டூடியோ. ஏழு பேர் இருந்தோம். வெளிநாட்டு வீடியோ கேம்களுக்குத் தேவையான சாமான்களைக் கம்ப்யூட்டரில் செய்து அனுப்புவோம். மூன்று வருடமாக நான் செய்தது பீப்பாய், கோட்டைக் கதவு, வைக்கோல் வண்டி, பாசி பிடித்த கல். ராஜா, குதிரை, வாள் என்று இருக்கும் பழைய காலத்து உலகம் அது. என் பீப்பாய்களை உலகமெங்கும் உடைத்துக்கொண்டிருந்தார்கள். உடைப்பதற்கு முன் ஒருவனாவது நின்று பார்த்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் முதலாளி என்னைவிட இரண்டு வயது மூத்தவர், பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். ஒரு நாள் காலையில் படியேறி வரும்போதே சத்தம் போட்டார்.

"மக்கா, கோளு அடிச்சிருக்கு கேட்டியா. அந்த கேம் கம்பெனிக்காரனுவளுக்கு ஒரு கூட்டமே வேணுமாம்."

விளையாட்டின் வரைபடத்தில் தெற்கு ஓரமாக ஒரு பாலைவனம் இருந்தது. அங்கே யார் வாழ்கிறார்கள் என்று இன்னும் யாரும் முடிவு செய்யவில்லை. என்ன உண்பார்கள், எப்படி வரவேற்பார்கள், எப்படிச் சத்தியம் செய்வார்கள், செத்தால் என்ன செய்வார்கள், எல்லாவற்றையும் நாங்கள் எழுதி வரைந்து கொடுக்க வேண்டும். ஒரு மாதம் கெடு. பிடித்துவிட்டால் இரண்டு வருட வேலை, அதற்குத் தலைமை நான்.

முதலாளி இதைச் சொல்லி முடிப்பதற்குள் என் மனசு சவூதிக்குப் போய்விட்டது. என் மனைவி அங்கே, பாலைவனத்தை ஒட்டிய ஒரு சின்ன ஊரின் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமாகி இரண்டு வருடம். சேர்ந்து இருந்த நாட்களை எல்லாம் கூட்டினால் மூன்று மாதம் தேறாது. அந்த மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. இந்த வேலை நிலைத்துவிட்டால் அவள் மறுபடி கையெழுத்துப் போட வேண்டாம். வந்துவிடலாம். நானாகவே இப்படி முடிவு செய்துகொண்டேன். கிடைத்தபின் சொல்லி அவளைத் திகைக்க வைக்கலாம் என்று நினைத்ததால் அவளிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் பாலைவனத்தைக் கண்ணால் பார்த்தது கிடையாது. அதுவோ ஆனி மாதம், வெளியே விடாத சாரல். ஸ்டூடியோவின் தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மணல் மேட்டை வரைவது எப்படி? பைக்கை எடுத்துக்கொண்டு ஆரல்வாய்மொழிக்குப் போனேன். எங்கள் மாவட்டத்தில் கொஞ்சம் வறண்ட இடம் அதுதான். காற்று ஆளைத் தள்ளும். காற்றாலைகளுக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு நின்று, இது பாலைவனம், இது பாலைவனம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தூற ஆரம்பித்தது. மறுநாள் சொத்தவிளை கடற்கரையில் குத்தவைத்து மணலைப் படம் எடுத்தேன். ஒரு அலை வந்து செருப்பை நனைத்துவிட்டுப் போனது. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் போல இரண்டு வாரம் அலைந்து, நாற்பது பக்கம் எழுதினேன்.

குலத்துக்கு வைத்த பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அவ்வளவு அசட்டுத்தனமான பெயர். ஆனால் முதல் வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது: 'தண்ணீரே அவர்களின் பொன்.' அதன்பின் வழக்கங்கள் வரிசையாக வந்தன. ஸ்டூடியோவில் எல்லோரும் படித்தார்கள். "கொள்ளாம் மக்கா, கண்ணு முன்னால நிக்குது" என்றார் முதலாளி. ஒருவர்கூட ஒரு குறையும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து, மத்தியானம் ஸ்கைப்பில் என் மனைவிக்கு அதை வாசித்துக் காட்டினேன். அவள் மேற்கே மார்த்தாண்டம் பக்கத்துக்காரி. தண்ணீரை வெள்ளம் என்பாள். டியூட்டி முடிந்த களைப்பில் தலையணையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள், ஆறேழு பக்கம் போனதும் சிரிக்க ஆரம்பித்தாள்.

"இஞ்ச பாருங்க, இந்த ஆளுவளுக்குப் பக்கத்துல ஆறு ஓடுதா?"

"இல்லியே. பாலைவனமாக்கும்."

"பின்ன இவ்வளவு வெள்ளம் எங்கேருந்து? விருந்தாளி வந்தா காலுல ஒரு குடம் ஊத்துதாவ. கல்யாணத்துக்கு ஏழு குடம். சத்தியம் பண்ண ஒரு கை வெள்ளத்தக் கீழ விடுதாவ. ரெண்டே நாளுல தாகம் எடுத்து எல்லாரும் செத்துருவாவ. பெறவு அந்தப் பொணத்தக் குளிப்பாட்டவும் ஏழு குடம் எழுதி வச்சிருக்கிய!"

எனக்கு முகம் செத்துவிட்டது. பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது அத்தனையும் சரி. முதல் வரியில் தண்ணீரைப் பொன் என்று எழுதிவிட்டு, நாற்பது பக்கத்துக்கும் பொன்னைக் கீழே கொட்டியிருந்தேன். எங்கள் ஊரில் வெளியே போய்வந்தால் கால் கழுவாமல் வீட்டுக்குள் விடமாட்டார்கள். குளம், கிணறு, கால்வாய், வருடத்தில் இரண்டு மழைக்காலம். தண்ணீரைக் கொட்டாமல் எங்களுக்கு நல்லதும் கிடையாது, கெட்டதும் கிடையாது. அதனால்தான் ஸ்டூடியோவில் ஏழு பேர் கண்ணிலும் அது படவில்லை.

அவமானம் ஒரு பக்கம் இருக்க, எனக்கு வேறொன்று பொறி தட்டியது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்! பாலைவனத்திலேயே இருப்பவள் எதிரில் படுத்திருக்கிறாள். பேனாவை எடுத்தேன்.

"செரி, நீ சொல்லு. அங்க கை கழுவ என்ன செய்வாவ? மணலு எப்பிடி இருக்கும்? காத்து எப்பம் அடிக்கும்? சட்டுன்னு சொல்லு, எழுதுகேன்."

அவள் சிரிப்பு நின்றது.

"ரெண்டு வருஷமா நான் இஞ்ச இருக்கேன். மணலு எப்பிடி இருக்கும்னு ஒரு நாளாவது கேட்டியளா? இப்பம் கம்ப்யூட்டருல இருக்க ஆளுவளுக்காகக் கேக்கிய."

திரை இருண்டது. நெட் போய்விட்டது என்று நினைத்து மறுபடி கூப்பிட்டேன். அவள் எடுக்கவில்லை. அதன்பின் ஐந்து நாள் எடுக்கவில்லை.

அந்த ஐந்து நாளும் அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். சர்க்கரை கூடிப்போச்சு என்று டீக்கடைக்காரரோடு சண்டை போட்டேன். பாவம், அவர் எப்போதும் போடுகிற அளவுதான் போட்டிருந்தார். இரண்டு வருடமாக அவளிடம் என்னதான் கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். சாப்பிட்டியா? டியூட்டி முடிஞ்சுதா? அங்க சூடா? சூடுதான் என்பாள். உடனே நான் எங்கள் வீட்டு ஓட்டு ஒழுக்கு, சர்ச் ஆண்டுவிழா, என் பீப்பாய் என்று ஆரம்பித்துவிடுவேன். கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் இப்படிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆறாம் நாள் ஒரு மெயில் வந்தது. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். நம் எழுத்தில் அதைத் தருகிறேன்; வார்த்தை எல்லாம் அவளுடையது.

'என் வார்டுல ஒரு வயசான அம்மா இருந்தாவ. கூடாரத்துல வாழ்ந்த ஆளு. கட்டிலுப் பக்கத்துல ஒரு தட்டு நெறைய மணலு வச்சிருந்தாவ. நான் வந்த புதுசு. குப்பைன்னு நெனச்சு வெளிய கொட்டிட்டேன். அவிய என்னத் திட்டல்ல. பெறவுதான் தெரிஞ்சுது, அவியளுக்கு மேலுல வெள்ளம் படப்பிடாது, அதனால தொழுகதுக்கு முன்ன கையிலயும் முகத்துலயும் தடவ வச்சிருந்த மணலாக்கும் அது. மறுநாளு நானே வெளிய போயி, சுத்தமான மணலாப் பாத்து அள்ளிக் குடுத்தேன். அதுக்குப் பெறவு என்ன மகளேன்னுதான் கூப்பிடுவாவ.

அவிய ஒரு காரியம் சொன்னாவ. விருந்தாளி வந்தா மூணு நாளு ஒண்ணும் கேக்கப்பிடாதாம். எங்கேருந்து வாற, எதுக்கு வந்த, ஒண்ணும். தின்னக் குடுக்கணும், கிடக்க எடம் குடுக்கணும். ஆனா நாலாவது நாளு கேக்கணும். அன்னைக்கும் கேக்கல்லன்னா, நீ இருந்தாலும் ஒண்ணுதான் போனாலும் ஒண்ணுதான்னு சொன்ன மாதிரியாம்.

நீங்க ரெண்டு வருஷமா அந்த மூணு நாளுலயே நிக்கிய. வேணும்னா இதயும் எழுதிக்கிடுங்க.'

வாசித்து முடித்தபோது எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் அதை எழுதிக்கொண்டேன். என் குணம் அது, மறைத்து என்ன பயன்? அன்று மாலைக்குள் குடங்களையெல்லாம் எடுத்தெறிந்துவிட்டு மணலால் கை துடைக்கும் மனிதர்களை எழுதினேன். குலத்தின் நடுநாயகமாக நாலாம் நாளை வைத்தேன். ஆட்டக்காரன் கூடாரத்துக்கு வருவான். மூன்று நாள் அவனை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். நாலாம் நாள் மூத்தவள் எதிரில் வந்து உட்கார்ந்து கேட்பாள். அவன் சொல்கிற பதிலை வைத்துத்தான் அந்தக் குலத்துக்கு அவன் நண்பனா பகைவனா என்று முடிவாகும். மனைவிக்கு 'மன்னிச்சிரு' என்று மட்டும் பதில் போட்டேன். வேலை கிடைக்கட்டும், எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லலாம். இவ்வளவு நடந்தபிறகும் அவளிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமலே இருந்தேன்.

மாதக் கடைசியில் வேலை கொடுத்த வெளிநாட்டுக்காரர் ஸ்கைப்பில் வந்தார். ஜூலை மாதத்திலும் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். குலம் பிரமாதம் என்றார். இரண்டே இரண்டு திருத்தம். ஆட்டக்காரர்களுக்கு மூன்று நாள் காத்திருக்கப் பொறுமை கிடையாது, ஆகவே அந்த நாலாம் நாள் வேண்டாம். இரண்டாவது, முதல் பிரதியில் விருந்தாளி காலில் தண்ணீர் ஊற்றுகிற காட்சி திரையில் அழகாக இருக்கும், அது அப்படியே இருக்கட்டும். முதலாளி இரண்டு பிரதிகளையும் அனுப்பியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் முதலாளி என் காலை மிதித்தார். வேலை எங்களுக்குக் கிடைத்தது. விளையாட்டு வெளிவந்தபோது அந்தக் குலத்தார் குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

பேச்சு முடிந்ததும் படிக்கட்டுக்கு ஓடிவந்து என் மனைவியைப் போனில் கூப்பிட்டேன். எடுத்தாள்.

"கெடச்சாச்சு! ரெண்டு வருஷ வேலை. நீ கையெழுத்துப் போடாத. வந்துரு."

அவள் வார்டை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"நேத்தைக்குப் போட்டாச்சே. ஒரு வருஷத்துக்கு."

"என்னட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்பிடாதா?"

"நீங்க கேக்கல்லியே."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கோபமே இல்லை. மேலே வருகிறவர்கள் ஒதுங்கி ஏறும்படி படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆகஸ்டில் நாற்பது நாள் லீவில் வந்தாள். திருவனந்தபுரத்தில் இறங்கியவளை ரயிலில் கூட்டிவந்தேன். இரணியல் தாண்டும்போது மழை பிடித்தது. அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி நனையவிட்டாள். அதற்குக்கூட நான் ஒன்றும் கேட்கவில்லை. அன்றும் அடுத்த இரண்டு நாளும் மீன் வாங்கிவந்தேன், குளிக்கத் தண்ணீர் காயவைத்தேன், தூங்கவிட்டேன். நாக்கு அரித்தது. 'என்ன, மிண்டாட்டமே இல்லாம இருக்கிய' என்று அவள் கேட்டபோதும் வாயைத் திறக்கவில்லை.

நாலாம் நாள் காலையில் புறவாசலில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தேன்.

"அந்த ஊரு எப்பிடி இருக்கும்?"

அவள் கை நின்றது. என் கையில் பேனா இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. பிறகு பேச ஆரம்பித்தாள். புயலுக்கு முன் வானம் செம்மண் நிறமாவது. ஆஸ்பத்திரி ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி அடைப்பது. மணல் தட்டு வைத்திருந்த அந்த அம்மா இறந்த மறுவாரம் அவருடைய மகன்கள் பேரீச்சம்பழம் கொண்டு இவளைத் தேடி வந்தது. புதிதாக வருகிற பெண்களுக்கு இவள்தான் இப்போது வேலை சொல்லிக்கொடுக்கிறாள் என்பது. அவள் அங்கே கஷ்டப்படுகிறாள் என்று மட்டும்தான் நான் நினைத்திருந்தேன். அவளுக்கு அந்த வேலையில் பெருமையும் இருந்தது. மத்தியானச் சோற்றுக்கு மணி மூன்றாகிவிட்டது.

சாப்பிட்டு முடித்ததும் கேட்டேன். "வேலைய விட்டுட்டு இஞ்ச வந்து இருக்கணும்னு உனக்கு உண்டா?"

"இப்பந்தான கேட்டிய. எனக்கும் மூணு நாளு தாருங்க" என்றாள்.

அந்த மூன்று நாளை நான் எப்படித் தள்ளினேன் என்று கர்த்தருக்குத்தான் தெரியும். இரண்டு தடவை பைக்கைக் கழுவினேன். ஸ்டூடியோவில் ஒரு ஒட்டகத்துக்கு மூன்று கால் வரைந்தேன். நாலாம் நாள் காலையில் பயத்தில் வாயே வரவில்லை. காப்பியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"இன்னைக்கு நாலு. கேக்கல்லியா?"

கேட்டேன்.

"வாறேன்" என்றாள். "இந்த ஒரு வருஷம் முடியட்டும். ஆனா தெனமும் போனுல முதல்ல அந்த ஊரப் பத்திக் கேக்கணும். 'சாப்பிட்டியா'வப் பெறவு கேட்டாப் போதும்."