மூச்சை இழுத்தாயா, விட்டாயா

கெம்போ அண்ணனின் கையைக் கெடுத்தவன் நான்தான். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். எல்லோரும் சொல்லிச் சிரித்து முடித்தும் விட்டார்கள். இன்னும் சிரிக்க முடியாதவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சாப்பிடுகிறோம். அந்த வீட்டுப் பெண்கள் இரண்டு பேரில் அக்காவைக் கட்டிக்கொண்டு வந்தவர் அவர். பிறகு தங்கையைக் கட்டிக்கொண்டு பெட்டியோடு வந்து சேர்ந்தவன் நான்.

நான் பிறந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஷெல்கோவில். இவர்கள் ஊர் நாம்ஜோ. எங்கள் பாரோ பள்ளத்தாக்கில் புது வருஷம் வந்தால் இந்த இரண்டு ஊருக்கும் வில் போட்டி நடந்தே ஆக வேண்டும். நூற்று நாற்பத்தைந்து மீட்டர் தள்ளி ஒரு சின்னப் பலகை. அதை அடிப்பது பாதி வேலைதான். எதிரணி பக்கத்தில் நின்றுகொண்டு வாயால் அடிப்பதைத் தாங்குவது மீதிப் பாதி.

அந்தக் காலத்தில் கெம்போ அண்ணன் முதுகு அரித்தால் சொறிவதுபோல அம்பு விடுவார். வெற்றிலையை மென்றுகொண்டே வில்லைத் தூக்குவார், இழுப்பார், விடுவார். அம்பு பலகையில் இருக்கும். ஷெல்கோ அணியில் இருந்த நாங்கள் அவர் தொந்தியைத் திட்டினோம், மாமியாரைத் திட்டினோம், அவர் போடும் ரோட்டைத் திட்டினோம். மனுஷன் சிரித்துக்கொண்டே அடித்தார். இடுப்பில், பட்ட ஒவ்வொரு அம்புக்கும் கட்டுகிற வண்ணத்துணி பாவாடை மாதிரி தொங்கியது.

நாலு வருஷத்துக்கு முந்தைய போட்டியில் நான் திட்டவில்லை. அவர் பின்னால் போய் நின்று மரியாதையாகக் கேட்டேன்.

"அண்ணே, ரொம்ப நாளா ஒரு சந்தேகம். நாணை விடுற நேரத்துல மூச்சை உள்ள இழுத்து வச்சிருக்கீங்களா, வெளிய விட்டுர்றீங்களா?"

"யாருக்குடா தெரியும்," என்று சொல்லிவிட்டு வில்லை இழுத்தார். இழுத்தவர் அப்படியே நின்றார். அதற்கு முன் ஒருநாளும் அவர் அப்படி நின்றதில்லை. அம்பு ஆப்பிள் தோட்டத்துக்குள் போயிற்று. எங்கள் ஊர்ப் பெண்கள் உடனே ஒரு பாட்டுக் கட்டினார்கள். அன்றைக்கு அதற்குப்பின் ஒரு அம்புகூடப் படவில்லை. அடுத்த வருஷமும் படவில்லை. அதற்கடுத்த வருஷம் நான் இந்த வீட்டு மருமகன், நாம்ஜோ அணியில் பத்தாவது ஆள்.

ஒரே வீட்டில் இருந்து அதைப் பார்ப்பது கொடுமை. அவர் சாலைத் துறையில் மண் அள்ளும் இயந்திரம் ஓட்டுகிறார். சரிந்த மலையை அள்ளுவார், அது அடுத்த மாதம் திரும்பச் சரியும். சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் வில்லை இழுத்துக்கொண்டு நிற்பார். கை நடுங்கும்வரை நிற்பார். பிறகு நாண் தானாக வழுக்கும், இல்லாவிட்டால் விடவே முடியாமல் மெதுவாகத் தளர்த்திவிடுவார். வில்லை மாற்றிப் பார்த்தார். கோயிலில் நெய் விளக்கு ஏற்றிப் பார்த்தார். சாராயத்தை நிறுத்தினார். கடைசியில் வெற்றிலையையும் நிறுத்தினார்.

அவர் மனைவி லாதென் ஒருநாள் என் தட்டில் சோற்றைப் போட்டபடி சொன்னாள்: "உன் வாயை அன்னிக்கே தைச்சிருந்தா என் புருஷன் இன்னிக்கு நிம்மதியா தூங்குவாரு. தூக்கத்துலகூட மூச்சை எண்ணுறாரு."

நான் குனிந்து சாப்பிட்டேன்.

இந்த வருஷம் அணித்தலைவர் நாதோ மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "கெம்போ, ஒண்ணாவது படணும். படலைன்னா அடுத்த வருஷம் நீ வில்லைத் தூக்க வேண்டாம், கெண்டியத் தூக்கு. வெண்ணெய் டீ ஊத்தவும் ஆள் வேணும்."

அவர் தலையாட்டினார். வீட்டுக்கு நடக்கும்போது என்னிடம், "சகலை, வண்டியை விட்டு எறங்கினா நான் யாருமில்ல," என்றார். "வில்லு கையில இருந்தாத்தான் கெம்போன்னு நாலு பேருக்குத் தெரியும். டீக் கெண்டியோட நின்னா என் பொண்டாட்டிக்கே அடையாளம் தெரியாது."

எனக்கு அழுகை வந்தது. சளி பிடித்ததுபோல மூக்கை உறிஞ்சிக்கொண்டேன்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு கணவாயில் பனி கொட்டி ரோடு மூடிவிட்டது. பனி அள்ள அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். போட்டிக்கு முந்தின இரவு அணி முழுவதும் வீட்டை விட்டு, பெண்டாட்டியை விட்டு, கோயில் கொட்டகையில் படுக்க வேண்டும். அவர் படுக்கவில்லை. கிழக்கிலிருந்து மைதானத்தில் கால் வைக்க வேண்டும் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். காலை பத்து மணிக்கு அவர் மேற்கிலிருந்து லாரியில் வந்து குதித்தார். முழங்கால்வரை சேறு. வேலைச் சட்டைக்கு மேலேயே அங்கியைச் சுற்றியிருந்தார். கண் இரண்டும் மிளகாய்.

"வெளங்கும்," என்றார் நாதோ மாமா. "எந்தப் பக்கம் வரக்கூடாதோ அந்தப் பக்கமே வந்து நிக்கிறியே."

"மலை மேக்க இருக்கு மாமா. நான் என்ன பண்ணட்டும். ரெண்டு நாளா தூங்கலை. எங்க நிக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

நிற்க வைத்தோம். ஷெல்கோக்காரர்கள் இதற்காகவே காத்திருந்தார்கள். என் பழைய கூட்டாளி சாதோர் முன்னால் வந்து கைகட்டி நின்றான். "வாங்க மூச்சுக்காரரே. இந்த வருஷம் உள்ளயா, வெளியயா?" பெண்கள் அதையே பாட்டாக இழுத்தார்கள்.

கெம்போ அண்ணன் அவனைத் திரும்பிப் பார்த்தார். "என்ன கேட்ட?" என்றார். கிண்டல் இல்லை. அவருக்கு உண்மையிலேயே காதில் விழவில்லை. கொட்டாவி விட்டார். கொட்டாவி முடிவதற்குள் வில்லை இழுத்து விட்டுவிட்டார்.

பலகையில் டொக்கென்று சத்தம் கேட்டது.

அம்பு பட்டால் நாங்கள் கைகோத்து ஆட வேண்டும். ஆட மறந்துபோய் நின்றோம். பெண்கள் பாட்டு பாதியில் நின்றது. இரண்டாவது அம்பும் பட்டது. மதியத்துக்குள் அவர் இடுப்பில் ஐந்து துணி. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் மண்மேட்டில் சாய்ந்து தூங்கினார். முறை வரும்போது நான் உலுக்கி எழுப்பினேன். எழுந்தார், அடித்தார், திரும்பவும் சாய்ந்தார். அப்படி ஒரு நாளை நான் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்துக் கடைசி அம்பு என்னுடையது. பட்டால் நாங்கள் ஜெயிப்போம். இழுத்தேன். நின்றேன். அம்பு ஆப்பிள் தோட்டத்துக்குப் போனது. அடுத்த அம்பில் ஷெல்கோ ஜெயித்துவிட்டது.

தோற்றாலும் எங்கள் ஆட்கள் கெம்போ அண்ணனைத்தான் சூழ்ந்துகொண்டார்கள். டீ ஊற்ற வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான் என்று யாரோ சொன்னார்கள். நாதோ மாமா அவர் தோளைப் பிடித்தார். "எப்படிடா திரும்பி வந்துச்சு? என்ன பண்ணின இன்னிக்கு?"

அண்ணனின் புருவம் சுருங்கியது. நாலு வருஷத்துக்கு முன்னால் நான் பார்த்த அதே சுருக்கம். "அதுவா," என்று வாயைத் திறந்தார். என் மடியிலிருந்த வெற்றிலைச் சுருளை எடுத்து அப்படியே அந்த வாய்க்குள் திணித்தேன்.

"மெல்லுங்க அண்ணே. பேசாம மெல்லுங்க." பிறகு அணித்தலைவர் என்றும் பார்க்காமல் கத்தினேன். "மாமா, இன்னொரு வார்த்தை அவர்கிட்ட கேட்டீங்கன்னா உங்க வில்லை ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்."

கூட்டம் சிரித்தது. அவர் வாய் நிறைய மென்றுகொண்டே லாரியை நோக்கி நடந்தார்.

லாரியின் பின்பக்கம் நாங்கள் இரண்டு பேர் மட்டும். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இதற்குமேல் வைத்திருக்க எனக்குத் தெம்பில்லை.

"அண்ணே, அன்னிக்குக் கேட்டேனே, அது உங்களை ஏமாத்தக் கட்டுன கேள்வி இல்ல. எனக்கு வந்த சந்தேகம். அதுக்கு முன்னால மூணு மாசமா என்னைத் தின்னுச்சு. உங்க மேல எறக்கி வச்சா என்னை விட்டுப் போயிரும்னு நெனச்சேன்."

அவர் மென்றதை வெளியே துப்பினார்.

"போச்சா?"

"இல்லண்ணே."

"தெரியும். நாலு வருஷமா நீ இழுத்துட்டு நிக்கிறதைப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்." தலையைச் சேறு படிந்த சாக்கின்மேல் வைத்தார். "நாளைக்கு ஆறு மணிக்கு நான் திரும்பக் கணவாய்க்குப் போகணும். நீயும் வா. மண்வெட்டி தர்றேன். ரெண்டு நாள் தூங்காம பனி அள்ளு."

வருகிறேன் என்றேன். அவர் அதற்குள் தூங்கிவிட்டிருந்தார்.