பல்செட்காரர் வீட்டு சூப்

கரண்டியைப் பானையிலிருந்து எடுத்து, அடியில் தொங்கும் சொட்டை இடது உள்ளங்கையில் விட்டு, நக்கிப் பார்க்கிறார். கண்ணை மூடிக்கொள்கிறார். "வெங்காயம் இன்னும் தனியா நிக்குது. மத்ததோட சேரல" என்கிறார். தீயைக் குறைத்து, மூடியைப் போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போய், யாரோ ஒருவருடைய கீழ்த்தாடைக்கு மெழுகில் பல் நடத் தொடங்குகிறார்.

இவர் பல்செட் செய்கிறவர். பல் மருத்துவர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் அதைச் சாந்தில் வார்த்து, மெழுகில் பல் வைத்து, தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுப்பார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. அலமாரி முழுக்கச் சாந்துத் தாடைகள். புதிதாக வருகிறவர்களுக்கு, ஒரு கூட்டமே தங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டுவது போலிருக்கும். எனக்குப் பழகிவிட்டது. நான் மேல்மாடியில் குடியிருக்கிறேன். அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு நேர் மேலே என் ஜன்னல். ஆவி மேலே வந்தால் நான் கிண்ணத்தோடு கீழே போவேன். இதில் என் தப்பு என்ன இருக்கிறது?

"சார் வந்தாச்சு. இனிமே பானையக் கழுவற வேலை மிச்சம்" என்பார் அவர் மனைவி. அவருக்கு ஒரு பேக்கரியில் வேலை. விற்காமல் போன ரொட்டியை மாலையில் எடுத்து வருவார். அந்த ரொட்டியும் அந்த சூப்பும் ஒன்றுக்கென்றே இன்னொன்று பிறந்தவை.

சமையலறையில் பல்செட்காரருடைய சட்டதிட்டங்கள் பயங்கரமானவை. கேரட்டின் தலை, வெங்காயத்தின் வால், காளான் காம்பு, தக்காளியின் காம்புப் பகுதி, கோழி எலும்பு எதுவும் குப்பைக்குப் போகக் கூடாது. எல்லாம் ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் இருக்கும் பைக்குள் போய் உறைய வேண்டும். பை நிறைந்ததும் அதைக் கொட்டிக் கொதிக்கவிட்டு வடிகட்டினால் வருவதுதான் அவருடைய சூப்புக்கெல்லாம் மூலநீர். வெறும் தண்ணீரில் சூப் வைப்பதைப் பற்றிப் பேசினால் முகம் சுருங்கிவிடும். "அது வெந்நீர் சார். காய்கறி அதுல குளிச்சிட்டுப் போயிருக்கு, அவ்வளவுதான்."

மிக்ஸிக்கும் அனுமதி கிடையாது. வெந்த கிழங்கையும் பூசணியையும் சல்லடையில் போட்டு, கரண்டியின் முதுகால் அழுத்தி அழுத்தி இறக்குவார். மேலே திரளும் நுரையை, பல் இடுக்கில் சாந்து எடுப்பது போல, ஓரம் ஓரமாக எடுப்பார். வெண்ணெயில் வெங்காயம் வதங்கும்போது யாரும் அவரிடம் பேசக் கூடாது. ஒருமுறை மின்கட்டணத்தைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டேன். "இது பொன்னிறத்துக்கு வர நேரம் சார். கரண்ட் எங்கயும் போயிடாது" என்றார்.

வைப்பதைவிடக் குடிப்பதைப் பார்க்க வேண்டும். கிண்ணங்களை முதலில் வெந்நீரில் கழுவிச் சூடாக்குவார். மிளகை மேலே பொடித்துப் போட்டு, முகத்தை ஆவிக்குள் கொண்டு போவார். மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிவிடும். துடைக்க மாட்டார். "கொஞ்ச நேரம் கண்ணுக்கு ஓய்வு. நாக்கு பாத்துக்கும்." முதல் சில வாய்க்கு யாரும் பேசுவதில்லை. ரொட்டியின் ஓரத்தைக் கிண்ணத்தில் துடைத்து எடுக்கும் சத்தம் மட்டும் கேட்கும். அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கையில் எனக்கு யார் மேலும் கோபம் வந்ததில்லை. அது என் சுபாவத்துக்கு மிகவும் விரோதமானது.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் சூப். அது தினசரியானது அவருடைய மாமனார் வந்த பிறகு.

மாமனார் பஸ் டிப்போவில் நேரம் பார்த்து வண்டிகளை அனுப்பும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வேறு ஊரில் சொந்த வீடு. போன வருஷம் மனைவி இறந்துவிட்டார்; அதன்பின் அந்த வீட்டில் ஒற்றை ஆள். ஆடிக்கொண்டிருந்த பற்களையெல்லாம் எடுத்துவிட்டு, ஈறு ஆறியதும், பல்செட் கட்டிக்கொள்ள ஒரு பெட்டியோடு மகள் வீட்டுக்கு வந்து இறங்கினார். பெட்டியைச் செருப்பு வைக்கும் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தார். "பல்லைக் கட்டிக் குடுங்க மாப்பிள்ளை. மாட்டுன மறுநாள் கிளம்பிடறேன். யாருக்கும் பாரமா இருக்கற ஆளில்ல நான்."

மாப்பிள்ளைக்கும் மாமனாருக்கும் இடையே பெரிய ஒட்டுதல் இருந்ததில்லை. பெண் பார்த்த நாளிலேயே, "அடுத்தவன் வாய்க்குள்ள கை விடறதைத் தவிர வேற தொழில் எதுவும் தெரியாதா?" என்று கேட்டவர் அவர். பல்செட்காரர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு வார்த்தை பிசகாமல் சொல்வார்.

ஆகவே அந்தப் பல்செட்டை அவர் செய்த விதமே தனி. மாமனாரின் பழைய புகைப்படம் ஒன்றைப் பெரிதாக்கி எதிரில் ஒட்டிக்கொண்டார். அதில் மேல்வரிசை முன்பல் ஒன்று லேசாகத் திரும்பி, பக்கத்துப் பல்லின் மேல் தோளை வைத்திருக்கும். அதை அப்படியே வைத்தார். "வரிசை ரொம்ப சுத்தமா இருந்தா பொய்ப்பல்லுன்னு காட்டிக் குடுத்துடும். இதை மாட்டிட்டுக் கண்ணாடி பாத்தார்னா, அவரே அவரைப் பாக்கணும்" என்றார். பற்கள் தயாராகும்வரை பொக்கை வாய்க்கு வேண்டுமே என்று, தினமும் மாலையில் பானை அடுப்பில் ஏறியது. பூசணி, தக்காளி, காளான், கிழங்கும் பூண்டும், கோழியும் பார்லியும். மாமனார் ஒன்றையும் பாராட்டவில்லை. ஆனால் கிண்ணத்தை மட்டும் இரண்டாவது முறை நீட்டுவார்.

பல்செட் தயாராயிற்று. மாமனார் மாட்டிப் பார்த்தார். "உரசுதே" என்றார்.

மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே ஒரு நீலத்தாளை வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். எங்கே மேடாக இருக்கிறதோ அங்கே நீலம் அழுத்தமாகப் படியும். அந்த இடத்தைத் தேய்த்துவிட்டால் சரியாகிவிடும். தேய்த்தார். "இடது பக்கம் சரி. இப்ப வலது பக்கம்" என்றார் மாமனார். அதையும் தேய்த்தார். அடுத்த வாரம் ஈறு குத்தியது. அதற்கடுத்த வாரம் பேசினால் விசில் வந்தது. விசில் எனக்குக் கேட்டதில்லை. என் காது மந்தம் என்று விட்டுவிட்டேன். சாப்பிடும் நேரத்தில் பல்செட் தண்ணீர்க் கிண்ணத்தில் கிடக்கும், மாமனார் சூப் கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பார்.

இதற்குள் பல்செட்காரர் பாதியாகிவிட்டார். மூக்குக்கண்ணாடியை மாற்றினார். விளக்கை மாற்றினார். ஒருநாள் மருத்துவர் ஒருவர் அனுப்பிய அளவைத் திறந்துகூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். "கை போயிடுச்சு சார். வீட்டு ஆளு வாயிக்கே என்னால செய்ய முடியல. ஊரு வாயிக்கு எந்த தைரியத்துல செய்யறது?" சூப்பைக் கிண்டும் கரண்டியைப் பிடித்தபடியே இதைச் சொன்னார். அன்றைக்கு வெங்காயம் கருகியது. அவர் வீட்டில் வெங்காயம் கருகி நான் பார்த்தது அந்த ஒருநாள்தான். எனக்கு நிஜமாகவே பயமாகிவிட்டது.

அவர் மனைவிக்கு வேறு கவலை. மாடிப்படியில் ரொட்டிப் பொட்டலத்தோடு நின்று ஒருநாள் என்னிடம் சொன்னார்: "அந்த வீட்டுக்குப் போய் அப்பா தனியா என்ன அண்ணே பண்ணுவாரு? ரொட்டியத் தண்ணில நனைச்சுத் தின்னுட்டுப் படுத்துடுவாரு. இங்கயே இருங்கப்பான்னு சொன்னா போதும், அன்னிக்கே பெட்டியத் தூக்கிடுவாரு. சொல்லாமலும் இருக்க முடியல."

போன ஞாயிற்றுக்கிழமை மூலநீர் வைக்கும் நாள். மாமனார் நடைக்குப் போயிருந்தார். பல்செட்காரர் ஃப்ரிட்ஜிலிருந்து பையை எடுத்துத் தட்டில் கொட்டினார். காம்பும் வாலும் எலும்பும் உறைந்து கலகலவென்று விழுந்தன. நான் வழக்கம் போல நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கை நின்றது. ஒரு கேரட் துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கத்தியால் நறுக்கிய துண்டல்ல; கடித்த துண்டு. பச்சைக் கேரட்டை யாரோ கடித்துத் தின்றுவிட்டு, இந்த வீட்டின் சட்டத்துக்குப் பயந்து, மிச்சமிருந்த தலைப்பகுதியை ஒழுங்காகப் பையில் போட்டிருக்கிறார். கடித்த இடத்தில் பல்வரிசை அச்சு அசலாகப் பதிந்து உறைந்திருந்தது. முன்பல் ஒன்று லேசாகத் திரும்பியிருந்தது.

துண்டோடு முன்னறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். தண்ணீர்க் கிண்ணத்திலிருந்து பல்செட்டை எடுத்து, கேரட்டில் இருந்த தடத்தில் மெல்ல வைத்தார். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது.

"சார், பச்சைக் கேரட்டு சார்" என்றார். "செட் சரியா உக்காரலேன்னா இதைக் கடிக்கவே முடியாது. எகிறி வெளிய வந்துடும். இங்க பாருங்க, எவ்வளவு சுத்தமா வெட்டியிருக்கு. ஒரு நார் நிக்கல." புதுக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அப்படியொரு சந்தோஷத்தை நான் அவர் முகத்தில் சூப் குடிக்கும்போதுகூடப் பார்த்ததில்லை. "கை போகல சார். என் கை எங்கயும் போகல."

"அப்ப உங்க மாமனார் இத்தனை நாளா..." என்று ஆரம்பித்தேன். என் வாய் எப்போதும் எனக்கு ஒரு அடி முன்னால் போகும்.

அவர் பார்வை வாசல் பக்கம் போயிருந்தது. செருப்புத் தட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி, வந்த அன்று வைத்த இடத்திலேயே, துணி எடுக்க மட்டும் திறந்து மூடியபடி, இன்னும் உள்ளே போகாமல் இருந்தது. செட் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது மறுநாள் கிளம்பிவிடும். டிப்போவில் ஒரு வண்டியைக்கூடத் தாமதமாக அனுப்பாத மனிதர். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிடுவார். பல்செட்காரர் பல்செட்டை மறுபடி தண்ணீரில் போட்டார். கேரட் துண்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மாமனார் திரும்பி வந்தார். மகளும் பின்னாலேயே ரொட்டியோடு வந்தார். அடுப்பில் மூலநீர் கொதிக்கத் தொடங்கியிருந்தது. மாமனார் மூக்கை உறிஞ்சி, "இன்னிக்கு என்ன?" என்றார்.

"கேரட் சூப் மாமா."

மாமனார் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். "செட்டைப் பாத்தீங்களா? நேத்தும் உரசுச்சே" என்றார்.

பல்செட்காரர் அவரை உட்காரவைத்து, செட்டை மாட்டி, நீலத்தாளை வைத்துக் கடிக்கச் சொன்னார். எடுத்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நீலப் புள்ளிகள் ஒரே சீராக, கோலி அடுக்கியது போல வரிசையாக விழுந்திருந்தன. இத்தனை மாதம் அந்த வீட்டில் உட்கார்ந்து சூப் குடித்த எனக்கே அதன் அர்த்தம் தெரியும். என் வாயில் ரொட்டியை அடைத்துக்கொண்டேன்.

"ஆமா மாமா, உரசத்தான் செய்யுது" என்றார். "உங்க ஈறு இன்னும் முழுசா இறங்கல. அது இறங்க இறங்கக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் தேய்க்கணும். அவசரப்பட்டா கெட்டுடும். சில பேருக்கு வருஷக்கணக்காகூட ஆகும்."

"வருஷமா?"

"ஒண்ணும் பண்றதுக்கில்ல மாமா."

மாமனார் மகளைப் பார்த்தார். மகள் ரொட்டி அறுப்பதில் மும்முரமாக இருந்தார். "அதுவரைக்கும் அந்தப் பெட்டி நடைவழியில கிடந்து ஏன் காலை இடிக்கணும்" என்றார் மாமனார். "உள்ள வைக்கலாமே." யாரும் எடுப்பதற்குள் அவரே எழுந்து போய் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். மகளின் கத்தி ஒரு நொடி நின்று, மறுபடி அறுக்கத் தொடங்கியது.

பல்செட்காரர் முன்னறைக்குப் போய்த் தேய்க்கும் மோட்டாரைப் போட்டார். வீடு முழுக்கக் கேட்கும் சத்தம் அது. பல்செட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தார். வெறுமனே சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தை அப்படியே விட்டுவிட்டுச் சமையலறைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து கடித்த கேரட்டை எடுத்து, கொதிக்கிற பானைக்குள் போட்டு, மூடியை மூடினார்.