வீட்டு வண்டியின் சூட்டு முள்

மடுல்சீமைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டியவர்கள் மீட்டர் முள்ளை நம்புவதில்லை. அந்த லொறிகளில் எந்த முள்ளும் ஒழுங்காக வேலை செய்ததில்லை என்பது ஒரு காரணம். காதும் மூக்கும் இருந்தால் போதும் என்பது அவர்களில் ஒருவரான வீரய்யாவின் கட்சி. எஞ்சின் இருமினால் காது சொல்லும். பிரேக் தீய்ந்தால் மூக்கு சொல்லும். முள் என்ன சொல்லும்? அதை வைத்தவன் சொல்லச் சொன்னதைத்தான் சொல்லும்.

அவருடைய சுபாவமே அப்படி. கொழுந்து நிறுக்கிற தராசில் தொடங்கி, கோயில் திருவிழாவுக்கு வந்த ஒலிபெருக்கிக்காரன் வரை ஒருவரையும் அவர் முதல் பார்வையில் நம்பியதில்லை. "எங்க வீட்டுக்காரரு பால்ல தண்ணி இருக்கான்னு பாக்கிற ஆளு இல்ல. தண்ணியில பாலு இருக்கான்னு பாக்கிற ஆளு" என்று அவர் மனைவி விஜயலெட்சுமி, தன்னோடு கொழுந்து பறிக்கிற பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

தோட்டத்து லொறி ஓய்ந்தபிறகு பண்டாரவளை றவூப் முதலாளியிடம் அவருக்கு வேலை கிடைத்தது. முதலாளி ஒரு பழைய ஜப்பான் பஸ்ஸை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து, வெளிநாட்டுக்காரர்கள் ஊர் சுற்றுவதற்கு வாடகைக்கு விட்டிருந்தார். வீட்டு வண்டி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வீட்டையே சுமந்துகொண்டு மலையேறுகிற பாரமும், தானாகவே மாறுகிற கியரும் சேர்ந்தால் கியர்பொக்ஸ் ஒயில் கொதித்துவிடும் என்று முதலாளியின் மருமகன் ஷப்ராஸ் சொன்னான். அவன் ஒரு கராஜில் மெக்கானிக். ஸ்டியரிங் பக்கத்தில் சூடு காட்டும் முள் ஒன்றை அவன்தான் பூட்டினான். நூற்றுக்குக் கீழே நின்றால் நல்லது, நூற்றிருபது சிவப்பு. முள் காட்டுவதெல்லாம் முதலாளியின் ஃபோனிலும் தெரியும்.

"ஒயிலப் பாக்கத்தான் வச்சீங்களா, என்னையப் பாக்கவா?" என்று வீரய்யா கேட்டார்.

"ரெண்டையும்தான் அண்ணே" என்றான் ஷப்ராஸ். விளையாட்டாகத்தான் சொன்னான். வீரய்யா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனாலும் ஆறு மாதம் முள் நூற்றைத் தாண்டவில்லை. அப்புறம்தான் விஜயலெட்சுமி காய்ச்சலில் படுத்து, பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய், திரும்பி வராமல் போனாள். கருமாதி முடியும்வரை வண்டியை ஷப்ராஸ் ஓட்டினான்.

வீரய்யா வேலைக்குத் திரும்பிய நாள் வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டவில்லை. கொழுந்து பறிக்கும்போது பனியும் மிலாறுக் குச்சிகளும் படாமல் விஜயலெட்சுமி இடுப்பில் சுற்றிக் கட்டுகிற தடித்த துணிப் படங்கைக் கொண்டுவந்திருந்தார். அதை நாலாக மடித்து, முன் கிரிலுக்குள்ளே யார் கண்ணிலும் படாமல் சொருகினார். வண்டி பள்ளத்தில் கால் வைக்கும் முன்பு அவள் முன்னால் போய்ப் பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டார். அதைப் பற்றி ஒருவரிடமும் சொல்லவில்லை.

அந்தக் கிழமையே முள் ஏறத் தொடங்கியது. எல்ல ஏற்றத்தில் நூற்றைந்து. ஹப்புத்தளைக்குப் போகும்போது நூற்றுப் பன்னிரண்டு. எஞ்சின் சூடு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. வீரய்யாவுக்குச் சந்தேகம் பிறக்க அதுவே போதுமானதாக இருந்தது. எஞ்சின் சரியாக இருக்க, கியர்பொக்ஸ் மட்டும் எப்படிக் கொதிக்கும்? தான் சாவு வீட்டில் இருந்த நேரம் வண்டியைத் தொட்டவன் யார்? தான் போனால் சாவி யார் கைக்குப் போகும்? இரண்டுக்கும் ஒரே பதில்தான்.

ஒயில் கம்பியை உருவி மோந்து பார்த்தார். லேசான தீய்ந்த வாசனை. பொனெட் கைப்பிடியில் திருநீற்றைப் பூசிவிட்டு வீட்டுக்குப் போனார். யாராவது திறந்தால் விரல் பதியும். காலையில் வந்து பார்த்தபோது திருநீறே இல்லை. "பாத்தியா!" என்று வாய்விட்டே சொன்னார். வண்டி கழுவுகிற பெண் காமிலா, கையில் வாளியோடு, "என்னத்தையோ வெள்ளையாப் பூசி வச்சிருந்திச்சே அண்ணே, தேச்சுத் தேச்சு எனக்குக் கை வலி" என்றாள். அவளையும் ஷப்ராஸ்தான் தூண்டிவிட்டிருப்பானோ என்று மத்தியானம் வரை யோசித்தார்.

முதலாளி கூப்பிட்டார். "வீரய்யா, புது கியர்பொக்ஸ் போட எனக்கு வழியில்ல. நாளைக்குத் தொட்டிய நெரப்பிக்கிட்டு வெல்லவாயில இருந்து பெரகலைக்கு ஏத்திப் பாருங்க. ஷப்ராஸும் வருவான். இந்தத் தரம் சிவப்புக்கே போனா, சாவிய அவன்ட கையில குடுத்துருங்க."

மறுநாள் வெல்லவாயில் இருந்து ஏறினார்கள். ஷப்ராஸ் முள்ளைப் பார்த்தான். வீரய்யா ஷப்ராஸைப் பார்த்தார். அவன் ஃபோனைத் தொட்டால் எதற்குத் தொடுகிறான், குனிந்தால் எதற்குக் குனிகிறான் என்று ஒரு கண்ணை அவன்மேலேயே வைத்திருந்தார்.

"அண்ணே, ரோட்டப் பாத்து ஓட்டுங்க. மேப்பு என்ட மூஞ்சியில இல்ல."

"ரோடு எனக்குத் தெரியும் தம்பி. தெரியாததத்தான் பாக்குறேன்."

கொஸ்லந்தை தாண்டியதும் மீரியபெத்த பக்கம் வந்தது. விஜயலெட்சுமி பிறந்த லயத்து வீட்டு வரிசை அங்கேதான் இருந்தது. அதை மண்சரிவு மூடியபிறகு, இந்த வழியாக பஸ்ஸில் போனால் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாள். வீரய்யாவும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. முள் நூற்றுப் பத்து. அடுத்த வளைவில் நூற்றுப் பதினைந்து. அவர் ஓரமாக வண்டியை நிறுத்தினார். சாவியை உருவி மடக்கிய கைக்குள் வைத்துக்கொண்டார்.

"தம்பி, உண்மையச் சொல்லு. நான் அங்க அவளுக்கு மண்ணு தள்ளிக்கிட்டு நிக்கும்போது நீ இங்க வண்டியில என்னா செஞ்ச?"

ஷப்ராஸுக்கு முகம் கறுத்தது. "மண்ணு தள்ளக்குள்ள நானும் அங்கதான் நின்டேன். மறந்திட்டீங்களா? சோத்துப் பார்சல் கொண்டு வந்தது யாரு?"

வீரய்யாவுக்கு ஞாபகம் வந்தது. சோறு கொடுத்தவனை ஏன் கொடுத்தான் என்று அன்றைக்கே யோசித்ததும் ஞாபகம் வந்தது.

"அப்ப இது ஏன் கொதிக்குது?"

"அதத்தானே நானும் பாக்க வந்தது!" என்று கத்திவிட்டு அவன் இறங்கி, ரோட்டில் மல்லாந்து படுத்து, முன் பம்பருக்கு அடியில் கையை விட்டான். வீரய்யா பக்கத்திலேயே நின்றார். அவன் எதையாவது கழற்றுகிறானா, எதையாவது செருகுகிறானா என்று குனிந்து பார்த்தார்.

அவன் இழுத்தான். எதுவோ தடித்து, மடிந்து, சூடாக வெளியே வந்தது.

"இது என்ன சாமான்? யாரு இத இங்க திணிச்சது? கியர்பொக்ஸ் ஒயில் இந்தச் சின்ன ரேடியேட்டருக்குள்ள வந்து, காத்துல ஆறித்தான் திரும்பிப் போகும். அதுட மூக்கப் பொத்தி வச்சிரிக்கி! யாரு அண்ணே இப்படி ஒரு வேல..."

படங்கின் ஓரத்தில் கயிறு பிய்ந்த இடத்தைச் சிவப்பு நூலால் தைத்திருந்தது. வீரய்யா அந்தத் தையலைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு கொழுந்து லொறி ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது.

"எங்க வீட்டுக்காரம்மாவோடது" என்றார். "அந்தச் சின்ன ரேடியேட்டர் ஏசிக்கு உள்ளதுன்னு நெனச்சேன். மலையில எவன் ஏசி போடப் போறான்னு வச்சிட்டேன்."

ஷப்ராஸ் எழுந்து உட்கார்ந்தான். முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டினான்.

அதற்குள் அவன் ஃபோன் அடித்தது. முதலாளிதான். அங்கிருந்தே நூற்றுப் பதினைந்தைப் பார்த்திருக்கிறார்.

"ஒண்ணுமில்ல மாமா" என்றான் ஷப்ராஸ். "காத்துப் போற வழியில என்னமோ துண்டு பறந்து வந்து சிக்கியிருந்திச்சு. எடுத்தாச்சு."

வீரய்யா அவன் முகத்தைப் பார்த்தார். எதற்கு இந்தப் பொய்? கையும் களவுமாகப் பிடித்தவன் ஏன் விடுகிறான்? நாளைக்கு எதைக் கேட்பதற்காக இன்றைக்கு இதை மறைக்கிறான்? ஒருவன் கையில் இப்படிச் சிக்கிக் கிடப்பதைவிட வேலை போவது மேல் என்று தோன்றியது. ஃபோனைப் பறித்தார்.

"மொதலாளி, பறந்து வரலீங்க. நான்தான் வச்சேன். அது எம் பொஞ்சாதியோட படங்கு."

அந்தப் பக்கம் முதலாளியின் இருமல் கேட்டது.

"பெரகலைக்கு ஏத்திப் பாத்திட்டுச் சொல்லுங்க" என்றார். "படங்க உள்ளுக்குள்ள எங்கயாவது வைங்க வீரய்யா. கிரில்லுல வாணாம்."

ஒயில் ஆறும்வரை காத்திருந்துவிட்டு வண்டியை எடுத்தார்கள். முன் இருக்கையைத் தவிர படங்கை வைக்க வீரய்யாவுக்கு வேறு இடம் தோன்றவில்லை. ஷப்ராஸ் ஏறினான். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். முள் தொண்ணூற்றைந்தில் நின்றது. அடுத்த ஏற்றத்திலும் அங்கேயே நின்றது.

வீரய்யா முள்ளை ஒரு தடவைதான் பார்த்தார். மற்ற நேரமெல்லாம் அவர் கடைக்கண் ஷப்ராஸின் மடியிலேயே இருந்தது, ஒயில் பட்ட கையோடு அந்தச் சிவப்புத் தையலைத் தொட்டுவிடுவானோ என்று.