விழாமல் பார்த்துக்கொள்ளும் வேலை

விழுந்தவரைத் தூக்கிவிட்டால் நாலு பேர் நன்றி சொல்வார்கள்; விழாமல் பார்த்துக்கொண்டால் அன்று எதுவுமே நடந்திருக்காது என்பதால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அதுதான் என் தொழில்.

நான் பிசியோதெரபிஸ்ட். திண்டுக்கல்லிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதம் வந்தவர்களின் வீட்டுக்கு ஸ்கூட்டரில் போய், நடக்கப் பழக்கி, அதற்கான கருவிகளையும் கொடுத்துவிட்டு வருவேன். இந்த நோயில் கை நடுக்கத்தைவிடப் பெரிய தொல்லை, நடந்துகொண்டிருக்கும்போதே கால் தரையோடு ஒட்டிக்கொள்வது. உடம்பு முன்னே போகும், கால் வராது. அப்புறம் தொப்பென்று ஒரு சத்தம். வீட்டில் இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு, பாத்ரூம் கதவுக்கு வெளியே காதைக் கொடுத்தபடி நிற்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சந்தையில் ஒரு கோடு

சின்னையா அய்யலூரில் ஆட்டு வியாபாரி. வாசற்படியைக் கண்டாலே கால் ஒட்டிக்கொள்ளும். ஒரே மாதத்தில் இரண்டு தடவை விழுந்து நெற்றியில் தையல். அவருக்கு லேசர் கைத்தடி ஒன்று கொடுத்தேன். ஊன்றினால் காலுக்கு முன்னால் தரையில் சிவப்பாக ஒரு கோடு விழும். அதைத் தாண்டலாம் என்று நினைத்ததும் ஒட்டியிருந்த கால் எழும்பிவிடும். "இது என்ன தாயி மாயமா இருக்கு" என்று வாசலுக்கும் அடுப்படிக்குமாக ஏழெட்டு நடை நடந்து காட்டினார்.

அந்தத் தெம்பில் சந்தை நாளன்று கிளம்பிவிட்டார். பத்து மணி வெயிலில் கோடு தெரியவே இல்லை. ஆட்டுக் கூட்டத்துக்கும் ஒரு வேனுக்கும் நடுவில் அப்படியே நின்றுவிட்டார். வேன்காரர் ஹாரன் அடிக்க அடிக்க, பதற்றத்தில் கால் இன்னும் இறுகிப்போனது. கூடப் போன மனைவி, அவசரத்துக்கென்று நான் எப்போதோ சொல்லியிருந்ததை நினைத்து, தன் காலை அவருக்கு முன்னால் குறுக்கே வைத்தார். தாண்டினார். மறுபடி வைத்தார், மறுபடி தாண்டினார். இப்படியே வேப்பமரத்தடி வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறார்கள். அடுத்த வாரம் நான் போனபோது சின்னையா தடியை என்னிடம் நீட்டிக்கொண்டே சொன்னார்: "லைட்டு வெயில்ல தெரிய மாட்டேங்குது தாயி. எம் பொண்டாட்டி காலு எங்க நின்னாலும் தெரியுது."

குயிக் மார்ச்

திண்டுக்கல் டவுனில் ஆரோக்கியசாமி சார், ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர். அவருக்கு டக், டக் என்று சீராக ஒலிக்கிற சின்னப் பெட்டி. இடுப்பில் மாட்டிக்கொண்டு அந்தத் தாளத்துக்கு அடி வைத்தால் கால் தடுமாறாது. டிரில் எடுத்த மனிதர் ஆயிற்றே, முதல் நாளே கையை வீசி நடந்தார். ஆனால் நான் வைத்துக் கொடுத்த வேகம் அவருக்குப் பிடிக்கவில்லை, மெதுவாக இருக்கிறதாம். நான் கிளம்பியதும் பெட்டியின் வேகத் திருகை ஏற்றிவிட்டார். இந்த நோயில் வேகம் கூடினால் அடி சின்னதாகும், உடம்பு முன்னால் சாயும், பிறகு நிறுத்த முடியாது. குடுகுடுவென்று ஓடிப்போய் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதில் முழங்கை சிராய்த்தது. கேட் மூடியிருந்ததால் ரோட்டுக்குப் போகவில்லை.

மறுநாள் நான் வேகத்தைக் குறைத்து, திருகை அசைக்க முடியாதபடி செலோ டேப் சுற்றினேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்புட்டுப் புள்ளைகளையும் ஒரே விசில்ல நிப்பாட்டுனவன் நான். என்னைய நிப்பாட்ட ஒரு டேப்பாம்மா?"

கைக்கடிகாரம்

குஜிலியம்பாறைப் பக்கம் ராசம்மாள் தனியாக இருக்கிறார். மகன் சென்னையில். விழுந்தால் தானாகவே மகனின் போனுக்குத் தகவல் சொல்கிற கடிகாரத்தை அவர் கையில் கட்டிவிட்டேன். முதல் வாரம் களத்தில் கொள்ளு அடித்திருக்கிறார். கை ஓங்கி இறங்கும்போதெல்லாம் கடிகாரம் அதை விழுந்ததாக எடுத்துக்கொள்ள, மகன் பக்கத்து வீட்டு முத்துலட்சுமிக்குப் போன் போட, அந்த அம்மா ஒரே காலையில் மூன்று தடவை ஓடிவந்து பார்த்துத் திட்டிவிட்டுப் போனார்.

பிறகு ஒருநாள் நிஜமாகவே விழுந்தார், குளிக்கும்போது. கடிகாரம் வெளியே ஆணியில் தொங்கியது. முத்துலட்சுமி முருங்கைக்கீரை கேட்டு வருகிற வரைக்கும், மணிக்கட்டு உடைந்து, ஈரத்தரையிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்திருக்கிறார். நனைந்தாலும் கெடாது, குளிக்கும்போதுதான் முக்கியமாகக் கட்டியிருக்க வேண்டும் என்று மகனிடம் விவரமாகச் சொன்ன நான், கட்டிக்கொள்கிறவரிடம் சொல்லவில்லை. தப்பு என்னுடையது. மாவுக்கட்டோடு அவர் உட்கார்ந்திருக்க, மகன் போனில் "கடிகாரம் ஏன் சொல்லல, கடிகாரம் ஏன் சொல்லல" என்று கத்திக்கொண்டிருந்தார். ராசம்மாள் சாவகாசமாகப் பதில் சொன்னார்: "அது எதுக்குய்யா சொல்லணும்? அது ஆணியில பத்திரமாத்தான இருந்துச்சு. விழுந்தது நானு."

நாலு மாதமாக விழாதவர்

தாடிக்கொம்பில் பெருமாள்சாமி, பூ விவசாயி. "எங்கப்பா விழுந்து நாலு மாசம் ஆச்சு" என்று அவர் மகள் செல்வி பெருமையாகச் சொன்னார். உள்ளே போய்ப் பார்த்தால், நாற்காலியில் உட்காரவைத்து இடுப்பைச் சுற்றித் துண்டால் கட்டியிருந்தது. துண்டு உறுத்துகிறதாம், நல்ல பெல்ட்டாக வேண்டும் என்றுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். செல்வியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைசியாக அவர் விழுந்தபோது தலையில் ரத்தம் வழிய வழியத் தனியாளாகத் தூக்கிய பெண் அவர். ஆனால் நடக்காமலே இருந்ததில் பெரியவரின் தொடை என் கைத் தண்டிக்கு மெலிந்துவிட்டது.

பெல்ட் தர மாட்டேன் என்றேன். கையை எடுத்ததும் தானாகவே பிரேக் பிடிக்கிற, சக்கரம் வைத்த வாக்கர் கொண்டுவந்தேன். முதல் நாள் நாலு எட்டு. ஒன்றரை மாதத்தில் வீட்டுக்குப் பின்னால் மல்லிகைத் தோட்டம் வரை. அங்கேதான் ஒருநாள், பூவை எட்டிப் பறிக்க வாக்கரை விட்டுவிட்டுத் திரும்பியவர், என் கண் முன்னால் சரிந்து பாத்தியில் உட்கார்ந்துவிட்டார். செல்வி அலறிக்கொண்டு ஓடிவந்தார். அடி ஒன்றுமில்லை. இருந்தாலும் இத்தோடு என்னை அனுப்பிவிடுவார்கள், துண்டும் திரும்பி வந்துவிடும் என்று நினைத்தேன். பெரியவர் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். மகளை நிமிர்ந்து பார்த்தார். "எதுக்கு ஆத்தா அழுகுற? அந்த நாலு மாசமும் எனக்கு விழுகுறதுக்கு வழியே இல்லாமல்ல இருந்துச்சு. கையக் குடு, இன்னும் ரெண்டு செடி பாக்கி இருக்கு."

என் விசிட்டிங் கார்டில் 'விழாமல் நடக்க உதவி' என்று அச்சடித்திருக்கிறேன்; யார் யாருக்கு உதவுகிறார்கள் என்பதை மட்டும் அச்சகத்தில் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.