சோப்பின் மேல் போட்ட பழி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். 2011இல் மெல்பர்ன் ஆய்வகத்தில் என் நுண்பாசி மூன்றாவது முறையாக வெளுத்துச் செத்தபோது, குடுவை கழுவும் அண்ணனிடம் பாய்ந்தேன்.

"சோப்பு போகாம கழுவியிருக்கீங்கண்ணா!"

"இல்லைத் தங்கச்சி, நல்லா அலசித்தான் வைச்சனான்."

அவர் படகில் அகதியாக வந்தவர். தற்காலிக விசா. இந்த வேலை போனால் இன்னொன்று கிடைப்பது குதிரைக்கொம்பு. எல்லாம் தெரிந்தும் பேராசிரியரிடம் புகார் சொன்னேன். மூன்று மணிக்கு, அண்ணனை வேலைக்கு அனுப்பிய ஒப்பந்தக்காரரை அழைத்து ஆளை மாற்றச் சொல்வதாக அவர் சொல்லிவிட்டார்.

இரண்டரை மணிக்கு, செத்ததைக் கொட்டலாம் என்று அலமாரியைத் திறந்தேன். மேல் தட்டில் அந்தப் பாசி தனியாக இருந்த குடுவைகள் எல்லாம் வெளுத்திருந்தன. கீழ்த் தட்டில் அதே பாசியை இன்னொரு பாசியோடு சேர்த்து விட்டிருந்தேன். அங்கே இரண்டும் பச்சைப் பசேலென்று இருந்தன. அவற்றைக் கழுவியதும் அதே கைதானே? சோப்பு என்றால் கீழ்த் தட்டும் செத்திருக்க வேண்டாமா?

இரண்டு தட்டுக்கும் ஊற்றியது ஒரே நீர்தான். கடல்நீரைக் கேன் கேனாகச் சுமந்து வர வேண்டும். வீணாக்குவானேன் என்று, வேறொரு முரட்டுப் பாசி வளர்ந்த நீரையே வடிகட்டி, உரம் சேர்த்து ஊற்றியிருந்தேன். பாசியை வடித்துவிட்டால் நீர் சுத்தம் என்று நினைத்த மகா புத்திசாலி நான். முரடன் போய்விட்டான், அவன் கக்கிய நஞ்சு நீரிலேயே நின்றுவிட்டது. கீழ்த் தட்டில் கூட இருந்த பாசி அந்த நஞ்சை முறித்து மற்றதையும் வாழவைத்திருக்கிறது. வேறு விளக்கமே தோன்றவில்லை.

மணி இரண்டு ஐம்பது. லிஃப்ட் வரவில்லை. நான்கு மாடி ஓடினேன். பேராசிரியர் கையில் போன் இருந்தது.

"தப்பு என்னுடையது," என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் போனை வைத்தார். நீர்க்கதை முழுவதும் கேட்டு, "இதுதான் உன் ஆய்வேடு," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கீழே அண்ணன் தொட்டியருகே நின்றார். கையெல்லாம் தோலுரிந்து சிவந்திருந்தது.

"உங்க மேல தப்பே இல்லண்ணா. எல்லாம் நான் ஊத்தின தண்ணி. மன்னிச்சிருங்க."

அவர் குழாயை மூடினார்.

"படிச்ச பிள்ளை சொன்னாச் சரியாத்தான் இருக்குமெண்டு நானும் நம்பிட்டன், தங்கச்சி. ஒவ்வொண்டையும் பத்துத் தரம் கழுவினனான்."